படி

நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்,
ஏன் இந்த வேலைக்கு வருகிறாய் என்று.
சேவை என்றேன்.
வங்கித் தேர்வில் இரண்டு முறை தோற்றதைச் சொல்லவில்லை.
அம்மாபேட்டை விசைத்தறிச் சத்தத்தை மீறி
படி படி என்று அப்பா கத்தியதையும்.

கலெக்டர் ஆபீஸ் பின்கட்டில் ஒரு மேசை,
அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை.
என் பதவிக்கு நீளமான பெயர்:
தொழில்வழி மறுவாழ்வு ஆலோசகர்.
வாயில் நுழையாததால் பியூன் வரதராஜு
'வேலை வாங்கித் தர்ற பொண்ணு' என்கிறார்.
வாங்கித் தர என்னிடம் இருந்தவை
மெழுகுவர்த்தி, தையல், செல்போன் ரிப்பேர்.

வேடியப்பனுக்கு வயது முப்பத்தொன்று.
மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் ஏறியவன்
ஏணியோடு சரிந்தான்.
அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.
செல்போன் ரிப்பேர் கத்துக்கலாமே என்றேன்.
"எங்க ஊர்ல டவரே இல்லீங்க."
சிரித்தது அவன்தான்.
நான் படிவத்தைப் புரட்டினேன்.

"காப்பிக்கொட்டை தெரியுங்க எனக்கு.
அள்ளுனா போதும்,
கருப்பு, உடைசல், பூச்சி அரிச்சது
கண்ணு பாக்கறதுக்குள்ள வெரலு தள்ளீரும்."
'திறன்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்தான்.
காப்பி என்று எழுதினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினொன்றாவதில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி.
எஸ்டேட் ரைட்டர் ஜோதிமுத்து மரியாதைக்காரர்.
வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தார், நாற்காலி தந்தார்.
"மனசு இருக்குங்க மேடம். ஆனா ரெண்டு படி இருக்கே."

கொட்டகை வாசலில்
இரண்டே இரண்டு படி.
டேப்பை நீட்டினேன். ஏழு அங்குலம், ஏழு அங்குலம்.
தரையிலிருந்து பதினான்கு அங்குல உயரத்தில்
ஒரு சம்பளம் இருந்தது.

ஒரு அங்குலத்துக்கு ஓர் அடிச் சரிவு என்பது கணக்கு.
பதினான்கு அடிக்கு
களத்தில் மிஞ்சிய சிமெண்ட், இரண்டு ஆள் கூலி,
ஏழு கடிதம், ஐந்து மாதம்.
ஈரம் காய்வதற்குள் எஸ்டேட் நாய் ஒன்று
அதில் முதல் ஆளாக ஏறிப்போனது.
தடம் இன்னும் இருக்கிறது.

'வேலை கிடைத்தது' கட்டத்தில் டிக் அடித்தேன்.
மேலதிகாரி கை கொடுத்தார்.
பயணப்படி வந்தது.

மூன்றாம் மாதம் போன்.
டவர் பிடிக்கும் வளைவு வரை
வண்டியை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.
நன்றி சொல்லக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.
(அப்படி நினைத்தவளை
என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.)
"மேடம், அவுங்களுக்கு நானூத்தம்பது.
எனக்கு எரநூத்தி இருவது."
ஏனாம்?
"உக்காந்துதான இருக்கறேன்னு சொல்றாங்க."

அந்தக் கொட்டகையில் கொட்டை பொறுக்கும்
பதினாறு பெண்களும்
உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

கோப்பை எடுத்தேன்.
டிக்கை அடிக்க இடமில்லை.
'வேலை கிடைத்தது' என்பதற்கு அடுத்து
தேதி, கையெழுத்து, முத்திரை.
அவ்வளவோடு மனிதன் முடிந்துவிடுகிறான்.
ஒரு தடவை மலையேறி இறங்க எனக்குத் தந்த பயணப்படி
அவனுடைய ஒரு நாள் கூலியைவிட அதிகம்.
அதையும் அன்றுதான் கணக்குப் பார்த்தேன்.

காலை ஆறரை பஸ்.
பையில் இந்தமுறை டேப் இல்லை.
குறைந்தபட்சக் கூலி அறிவிப்பின் நகல்,
பதினாறு பெண்களின் பெயர் எழுத ஒரு நோட்டு,
மோந்து பார்க்க எலுமிச்சம்பழம்.
ரைட்டர் இந்தமுறை நாற்காலி தரமாட்டார்,
நின்றுகொண்டே பேச வேண்டியிருக்கும்.

ஏழாவது வளைவில் கண்டக்டர் கேட்டார்:
"போன மாசமெல்லாம் காணமே, வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்?"
நானும்தான், என்றேன்.