கதிரை படும் இடம்

இரவு ஒன்று பத்து. பீல் நகரம்.
அவசரப் பிரிவுக்கு என்னை அழைத்தது
ஒரே ஒரு சொல்லுக்காக என்று பிறகுதான் தெரிந்தது.

மருத்துவர் சூர்புகன் ஜெர்மனில் கேட்கிறார்:
"ராய்ட்ஹோஸ இடத்தில் மரத்துப்போயிருக்கிறதா?"
குதிரை ஓட்டுபவர்கள் போடும் காற்சட்டை அது.
அந்தத் துணி இறுக்கிப் பிடிக்கும் தோல் முழுக்க,
உள்தொடையும் பின்பக்கமும் நடுவில் உள்ளதும்.

பக்கவாட்டில் கிடக்கிறார் மார்க்கண்டு தவநேசன்.
ஏரிக்கரை உணவகத்தில் இருபத்திரண்டு வருஷம் சட்டி கழுவியவர்.
நேற்றுப் பின்னேரம் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைத் தூக்கியவர்.
அவர் அறிந்த குதிரை வேட்டைத் திருவிழாவில் வருவது.
மரம். அதில் ஏறுவதும் சுவாமிதான்.

நான் கேட்டேன்:
"அண்ணை, கதிரையில இருக்கேக்க
கதிரை படுமே, அந்த இடம் விறைச்சிருக்கோ?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"கதிரை படுகுதெண்டு தெரியேல்லை, பிள்ளை.
ஆகாசத்தில இருக்கிற மாதிரி."

எங்கள் வேலையில் ஒரு விதி.
அவர் நான் என்றால் நானும் நான் என்றே சொல்ல வேண்டும்.
"நான் ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன் ஜெர்மனில்.
மருத்துவரின் பேனா நின்றது.

பிறகு எல்லாம் வேகம்.
கடைசியாக எப்போது சலம் போனது?
காலமை.
அடிவயிற்றில் பசை தடவி, கருவி வைத்து,
தொளாயிரம் மில்லிலீற்றர் என்றார்கள்.
நிரம்பி வழியும் தறுவாயில் ஒரு பை,
சொந்தக்காரருக்குச் சேதி போகவில்லை.

கையுறை மாட்டிய விரலை உள்ளே வைத்து
"இறுக்கச் சொல்லுங்கள்" என்றார்.
"இறுக்குங்கோ அண்ணை."
"இறுக்கிறன்தானே."
மருத்துவர் தலையை மெல்ல ஆட்டினார்.
தலையாட்டல் மொழி அல்ல. நான் அதைப் பெயர்க்கவில்லை.

மனைவியோடு சேர்வது பற்றியும் கேட்டார்கள்.
என் வயது முப்பத்தொன்று.
அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார்,
நான் கண்ணைத் திறந்துகொண்டு
"எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை" என்றேன்.

படம் வந்தது, கறுப்பும் சாம்பலும்.
முதுகுத்தண்டுக்குள் இறங்கும் நரம்புக்கயிறு
பாதம் வரைக்கும் போகும் என்றுதான் எண்ணியிருந்தேன்.
இல்லை. இடுப்புக்குச் சற்று மேலேயே
பென்சில் முனைபோல் கூர்ந்து முடிந்துவிடுகிறது.
அதற்குக் கீழே இழைகள், நீரில் தொங்கும் இழைகள்.
காலுக்குச் சில, மூத்திரப் பைக்குச் சில,
வெட்கத்துக்கும் சில இருக்கும்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலிருந்து
பற்பசை மாதிரிப் பிதுங்கிய ஏதோ ஒன்று
எல்லாவற்றையும் ஒரே பிடியாக நசுக்குகிறது.

தாதி ஜோஸியான் பிரெஞ்சில் அதன் பெயரைச் சொல்லி
என் தலையின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.
கட்டியிருந்த முடி.
"குதிரைவால்" என்றேன் அவருக்கு.
அன்று முதல்தரம் சிரித்தார்:
"அம்பத்துநாலு வயசில வால் முளைச்சிருக்கு.
அதிலயும் குதிரையின்ர."

காலைவரை பொறுக்க முடியாது, இப்போதே வெட்ட வேண்டும்.
கையெழுத்துப் போடும்போது கேட்டார்,
"எல்லாம் திரும்பி வருமோ?"
மருத்துவர் சொன்னது ஒற்றைச் சொல்: "ஃபிலைஷ்ட்."
ஒருவேளை என்று சொல்லியிருக்க வேண்டும்.
"வரும், வரலாம்" என்றேன்.
அந்த முதல் சொல் என்னுடையது.
யாரும் கவனிக்கவில்லை.

படிவத்தில் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று நிரப்பினேன்.
பயணச் செலவு: இல்லை.
வெளியே தை மாதம். முதல் பஸ் ஐந்து இருபதுக்கு.
தரிப்பிடத்து இரும்பு வாங்கில் இருந்தேன்.

குளிர் காற்சட்டையைத் துளைத்து ஏறியது,
உள்தொடை, பின்பக்கம், நடுவில்.
எழும்பி நிற்கலாம் என்றிருந்தது.
நிற்கவில்லை.