பனி வாரும் வண்டி

கெமி நகரம். ஜனவரி.
சூரியன் பெயருக்கு எட்டிப் பார்த்துவிட்டு
இரண்டு மணிக்கே போய்விட்டது.

பழைய தபால் நிலையத்தின் மாடி.
மூன்று மேசை, மூன்று தொலைபேசி,
கௌக்கோ சுட்டுக் கொண்டுவரும் ஏலக்காய் ரொட்டி.
பகலில் பல் மருத்துவரிடம் ரசீது போடுகிறேன்,
செவ்வாய் இரவுகளில் இங்கே.
பெயர் சொல்லக் கூடாது. தெரு கேட்கக் கூடாது.
"எல்லாம் சரியாகிவிடும்" என்ற வாக்கியத்தைப்
பயிற்சியின் முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள்.

மூன்று பத்துக்கு ஓர் அழைப்பு.
பேச்சில்லை.
மூச்சு இருந்தது.
எங்கோ ஒரு குளிர்பெட்டி உறுமி ஓய்ந்தது.
"இருக்கிறேன்" என்றேன்.
அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது,
அதனால் மறுபடியும் சொன்னேன்.

பேசுகிறவருக்கு உம் கொட்டலாம்.
பேசாதவருக்கு?
ஐந்தாறு மூச்சுக்கு ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்,
இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல.

மூன்று நாற்பது.
சன்னலுக்குக் கீழே பனி வாரும் வண்டி
ஆரஞ்சு விளக்கைச் சுவரெல்லாம் இறைத்துக்கொண்டு
சாலையைப் பிறாண்டிப் போனது.
எந்தச் சங்கிலி அறுந்ததோ,
மூன்று தட்டு, ஒரு கீச்சு.
மூன்று தட்டு, ஒரு கீச்சு.
முனையில் திரும்பித் தேய்ந்தது.

பிறகு
ரிசீவருக்குள்ளிருந்து
மூன்று தட்டு, ஒரு கீச்சு.

எழுந்தேவிட்டேன்.
வயர் இழுத்து உட்காரவைத்தது.
ஒரு தெரு. மிஞ்சினால் இரண்டு.
பூட்ஸை மாட்ட எவ்வளவு நேரமாகும்?
விதி என்ற சொல்லை
இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.
கௌக்கோ ஒரு தாளை நகர்த்தினார்:
'ஆபத்தா? கேள்.'

கேட்டேன்.
நெடுநேரம் கழித்து ஓர் ஆண்குரல்,
துருப்பிடித்த கதவு திறப்பதுபோல:
"என் வாசலில்தான் குவிக்கிறான்.
எப்போதும் என் வாசலில்தான்.
காலையில் காரை எப்படி எடுப்பது?"

காலையில் என்றார்.
நான் அந்தச் சொல்லை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.
"பனி தள்ளும் பலகை இருக்கிறதா?"
"இருக்கிறது."
"எங்கே?"
"கதவுக்குப் பின்னால். பிடி ஆடுகிறது."
பிடியைப் பற்றிப் பேசினோம்.
ஆணி போதாது, திருகாணிதான் நிற்கும் என்றார்.
அப்புறம் கொஞ்சம் அழுதார்.
அப்புறம் தன் தம்பியைப் பற்றி; அதை இங்கே எழுத மாட்டேன்.

பதிவேட்டில்: எண்பது நிமிடம். ஆண். பனி.

ஏழு மணிக்கு இறங்கும்போதும் இருட்டுதான்.
வண்டி திரும்பிய முனையில் திரும்பாமல்
மீன் கிடங்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.
பின்னால், சற்றுத் தொலைவில்,
யாரோ பனியைத் தள்ளும் சத்தம்.
யாராகவும் இருக்கலாம்.
காலை ஏழு மணிக்கு
கெமியில் எல்லோரும்தான் தள்ளுகிறார்கள்.