மெய்ம்மயக்கம்

நாற்பத்தொரு மருத்துவமனைகளுக்கு எழுதினேன்.
பதினேழு பதில்கள் வந்தன.
"வருந்துகிறோம்" என்பதைப் பதினேழு விதமாகச்
சொல்லத் தெரிந்த மொழி இது.
பதினெட்டாவது பதில் கெராவிலிருந்து:
ஒருநாள் வந்து எங்களோடு நில்லுங்கள்,
மாலையில் பேசுவோம்.

லைப்ஸிக்கில் விடியுமுன் ரயில்.
எதிர் இருக்கையில் ஒரு பெண்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
தாடையைச் சற்று உயர்த்தினால் குறட்டை நிற்கும்.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மடியில் அட்டைகள்.
வலி ஆண்பால். தூக்கமும் ஆண்பால்.
பயம் பெண்பால்.
நினைவு இரண்டுமில்லை.
எங்கள் இலக்கணத்தில் இவை அத்தனையும் அஃறிணை,
எதுவும் கோபித்துக்கொண்டதில்லை.

பயத்துக்கு இவர்கள் வைத்த பெயர் ஆங்ஸ்ட்.
ங், ஸ், ட்:
மூன்று மெய்கள், நடுவில் ஓர் உயிர் கிடையாது.
எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்று
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததெல்லாம்
இந்தத் தண்டவாளத்தில் செல்லாது.

வரவேற்பில் கேட்டார்கள்:
"டெல்பினா? பிரெஞ்சுக்காரர் என்று நினைத்தோம்."
தூத்துக்குடியில் எங்கள் தெருவிலேயே
மூன்று டெல்பின்கள் என்று
சொல்ல வாக்கியம் கூடவில்லை.
"கடலில் துள்ளுமே, அந்த டெல்பினா?"
ஓங்கில். வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
ஆமாம் என்றேன்.

ஒன்பதரை மணி. பித்தப்பை.
ஹெர் சைட்லர், அறுபத்தொன்று,
உள்ளூர் நாளிதழில் பிழை திருத்துபவர்.
வீலாண்ட் முகமூடியை என் கையில் தந்தார்:
"மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
நீங்கள் பேசுங்கள்."

பேசினேன்.
இரவு முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம்.
மூச்சை ஆழமாக இழுங்கள்,
இதோ தொடங்குகிறது மயக்கம்,
டேர் நார்கோஸே.

முகமூடிக்குள்ளிருந்து, "டீ."

ஒரு கணம், பாவம்,
ராத்திரியிலிருந்து பட்டினி,
டீ கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.
"டீ நார்கோஸே," என்றார். "பெண்பால்."
வெள்ளை மருந்து குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.
அடுத்த சொல்லின் முதல் எழுத்தில்
அவர் இமை விழுந்தது.
செவிலியர் சிரித்தார்.
நான் தாடையைப் பிடித்தேன்.
அதற்கு மொழி தேவைப்படவில்லை.

மாலை. தலைமை மருத்துவர் ஹென்ஷெல்,
மேசையில் பாதி தின்ற ஆப்பிள்.
ஏன் மயக்கவியல்?
தயாரித்த விடை கையிலிருந்தது,
உடலியங்கியல், மருந்தியல், குழுவாக வேலை.
அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.
பிறகு, திடீரென்று:
"இன்று என்ன தவறு செய்தீர்கள்?"

"ஆர்ட்டிகிள்."

"அதை சைட்லரே திருத்திவிட்டாராமே. வேறு?"

இதற்கு ஒத்திகை இல்லை.
"நாடி நூற்றுப் பன்னிரண்டு இருந்தது.
அவர் பயந்திருந்தார்.
நான் என் வாக்கியத்துக்குப் பயந்துகொண்டு
அவர் முகத்தைப் பார்க்கவில்லை."

அவர் ஏதோ எழுதினார்.
தலைகீழாக வாசிக்க முயன்றேன்.
டாக்டர் கையெழுத்து
எந்த நாட்டிலும் ஒன்றுதான்.
"எழுத்தில் தெரிவிப்போம்," என்றார்.
பதினேழு கடிதங்களும் சட்டென்று நினைவுக்கு வந்தன.

கிளம்புமுன் அவரைப் போய்ப் பார்த்தேன்.
கண்ணாடியில்லாமல் சுவரைத் தேடிக்கொண்டிருந்தார்.
"எப்போது தொடங்குவீர்கள்?"
"முடிந்துவிட்டது," என்றேன்.
"டீ நார்கோஸே முடிந்துவிட்டது."
தலையசைத்தார்.
நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.
திருத்த ஒன்றுமில்லாத வாக்கியம்,
அதனால் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம்.
நடைமேடைக் கடையில் வரிசையில் நின்று
ஒரு தேநீர் கேட்டேன்.
இந்த நாட்டில் தேநீர் ஆண்பால்.
அதில் மட்டும் நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.