ஒன்றே ஒன்று என்றால்

சாந்தா கிளாராவில் இரவு எட்டு மணிக்குக்
கரண்ட் போகும்.
எட்டு என்பது பேச்சுக்கு.
சில நாள் ஏழே கால். சில நாள்
காலையில் போனதே வந்திருக்காது.

மூன்று பேருக்கு ஒரு கணினி.
அதிலும் எஸ் விசையை ஒருமுறை அமுக்கினால்
இரண்டு எஸ் விழும்.
யொயெல்விஸ் தட்டுவான்.
ஒஸ்மானி யோசிப்பான்.
நான் உடைப்பேன்.

அவர்கள் கட்டியது எங்கே தட்டினால் இடியும் என்று
தடவித் தடவிப் பார்ப்பது என் வேலை.
பூச்சியம் வந்தால்?
எல்லாமே ஒரே எண்ணாக இருந்தால்?
ஊர் ஒன்றே ஒன்று, சாலையே கிடையாது என்றால்?
"அப்படி ஒரு நாடு எங்கே இருக்கு, லிஸ்வேத்?"
"கேள்வியில் இருக்கு.
ஒன்று முதல் லட்சம் வரை ஊர்கள்.
ஒன்று முதல், யொயெல்விஸ்."

செல்பேசி வெளிச்சத்தின்மேல்
தண்ணீர்ப் புட்டியை நிறுத்தினால் அறை முழுக்கப் பரவும்.
அந்த வெளிச்சத்தில்
பழைய தேர்வுத்தாள்களின் முதுகில்
நிரலைக் கையால் எழுதினோம்.
பென்சிலை அழித்தால் தாள் கிழியும்,
ஆகவே எழுதுமுன் நினைக்கப் பழகினோம்.

முதல் வருடம் முழுவதும்
விட்டுப்போன அரைப்புள்ளிகளைத்தான் பிடித்தேன்.
இரண்டாம் வருடம்
ஏனென்று சொல்லத் தெரியாமல்
ஒரு வரியில் கண் தானாக நிற்கத் தொடங்கியது,
அம்மாவோடு மேசையில் அரிசி பொறுக்கும்போது
கல்லில் விரல் நிற்குமே, அப்படி.

ஹவானாவில் ஜெனரேட்டர் உறுமியது.
ஐந்து மணி நேரம் அணையாத கரண்ட்,
பல் கிட்டிக்கும் ஏசி.
எங்கள் மேசையில் ஒரு மஞ்சள் பலூன், ஒரு ஊதா.
நான்காம் மணி தாண்டியதும்
தரவரிசைப் பலகையை உறைய வைத்தார்கள்.

யொயெல்விஸின் கணக்கு: தவறான விடை.
மறுபடி: தவறான விடை.
நான்காவது முறை அவன்
கூட்டலைக் கழித்தலாக்கி,
கழித்தலை மறுபடி கூட்டலாக்கி
விரல்களை மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.
"எழுந்திரு" என்றேன்.
எழுந்தான்.
ஒஸ்மானி உட்கார்ந்து தன் மரத்தைக் கட்டத் தொடங்கினான்.

அச்சுத்தாளோடு தரையில் சம்மணமிட்டேன்.
ஒன்றே ஒன்று என்றால்? நின்றது.
பூச்சியம்? நின்றது.
எல்லாம் ஒன்றுபோல்? நின்றது.
கரண்ட் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு
முதல் வரியிலிருந்து வாசித்தேன்.
இருபத்தாறாம் வரியில் கண் நின்றது.

முதல் விருந்தாளி எழுந்து போன பின்
தட்டைக் கழுவாமல்
அடுத்தவருக்கு அதிலேயே பரிமாறியிருக்கிறான்.
முந்தைய சோதனையின் எச்சில்
அணிவரிசை முழுக்க ஒட்டிக் கிடந்தது.
கேள்வி ஒன்றானால் சரியான விடை.
இரண்டாவதிலிருந்து எல்லாம் எச்சில்.

ஏழு நிமிடம் இருந்தது.
ஒரு வரி போதும்.
விசைப்பலகை ஒஸ்மானியிடம்.
தாளைக் காட்டினேன்.
ஒரு சொல்லின் நடுவே, அதை முடிக்காமல்,
எழுந்து நாற்காலியை விட்டான்.

ஏற்கப்பட்டது.

கடைசி மணி நேரத்தில் பலூன் தருவதில்லை.
ஆகவே எங்களுக்கு இரண்டுதான்,
ஊதா ஏற்கெனவே சுருங்க ஆரம்பித்திருந்தது.
பதினோராம் இடம்.
முதல் பத்து அணிகள் அடுத்த சுற்றுக்கு.

திரும்பும் பேருந்தில் யொயெல்விஸ்
ஜன்னல் கம்பியில் நெற்றி வைத்துத் தூங்கினான்,
தூங்குவதாக நடித்தான்.
ஒஸ்மானி மிச்சத்தைத் தாளில் எழுதி முடித்து
ஒன்றும் சொல்லாமல் என் மடியில் வைத்தான்.

செல்பேசி. தண்ணீர்ப் புட்டி.
ஒரே ஒரு கணு என்றால்?
எல்லாக் கணுவும் ஒரே கோட்டில் என்றால்?
இரண்டு விருந்தாளி வந்தால்?
மத்தான்சாஸ் இருட்டாகக் கடந்து போனது,
நான் இன்னும் தட்டிக்கொண்டிருந்தேன்.
எங்கும் இடியவில்லை.

தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.
"என்ன?" என்றான்.
"உடைக்க முடியலை" என்றேன்.
அவன் நெடுநேரம்
அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தான்.