மரியாதை நிமித்தம்

திரிபோலி. லிபியாவில் இருப்பது அல்ல,
எங்களுடையது, லெபனானில்.
பொதுப் பாதுகாப்பு அலுவலகம், மூன்றாவது மாடி.
மின்சாரம் இல்லை.
லிப்ட் இருக்கும் திசையைச் சுவரில் ஓர் அம்புக்குறி
விடாமல் காட்டிக்கொண்டிருக்கிறது.

'தங்குவதற்கான காரணம்' என்ற கட்டத்தை
அதிகாரி தானே நிரப்புகிறார்,
எங்களைக் கேட்பதில்லை:
மரியாதை நிமித்தம்.

அமைச்சர் அமைச்சரைப் பார்க்கப் போவாரே,
ஒரு பூங்கொத்து, ஒரு கோப்பைக் காப்பி,
அதே வார்த்தை.
இன்னும் மூன்று வருடத்துக்கு
என் மகன் என் வீட்டில்
மரியாதை நிமித்தம் தூங்கி எழலாம்.
கட்டணம் கிடையாது.
இதை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார்.

என்னிடமிருந்து ஹைசமுக்குப் போனவை:
கிட்டப்பார்வை,
முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து,
கத்தரிக்காய் தின்றால் நாக்கு அரிப்பது,
கோபத்தை விழுங்கினால் காது சிவப்பது.
எதற்கும் நான் விண்ணப்பிக்கவில்லை.
சாட்சிக் கையெழுத்து யாரும் போடவில்லை.
கொடுக்க முடியாதது ஒன்றுதான்.
அது என் கைப்பையில் இருக்கிறது,
நீல அட்டையில் கேதுரு மரம் அச்சிட்டு.

என் மூத்த அண்ணன் அத்னான்
சண்டை தொடங்கிய அடுத்த வருடம் கப்பலேறினான்.
சாவோ பாலோவில் துணிக்கடை.
அவனுக்கு ஒரு மகன், அந்த மகனுக்கு ஒரு மகன், தியாகோ.
ஆண்வழி அறுபடவில்லை.
போன மாதம் பையனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது.
வீடியோவில் தூக்கிக் காட்டினான்.
ஊர்ப் பெயரைச் சொல்லடா என்றேன், அரபியில்.
தராப்லுஸ்
அவன் நாக்கில் மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தது.
எல்லோரும் சிரித்தோம். நல்ல பிள்ளை.
அவன்மேல் எனக்கு என்ன கோபம்?
காது மட்டும்.

ஹைசம் பிறந்தது
மீன் சந்தைக்குப் பின்னாலிருக்கும் ஆஸ்பத்திரியில்.
வலி எடுத்தபின் நான் நடந்தே போனேன், அவ்வளவு பக்கம்.
மருந்தியல் படித்தான், வகுப்பில் இரண்டாவது.
தொழில் உரிமம் குடிமக்களுக்குத்தானாம்.
தெரிந்தவர் கடையில் பெட்டி அடுக்குகிறான்.
சீட்டை இவன் படித்துச் சொல்ல
கையெழுத்தை இன்னொருவன் போடுகிறான்.
எகிப்தில் மினியா என்று ஓர் ஊர்,
இவன் பார்த்ததேயில்லை.
அங்கிருந்து வந்தவன் என்று
அவனுடைய பாஸ்போர்ட் அடித்துச் சொல்கிறது.

முத்திரை குத்தி முடிந்தது.
கோப்பைக் கட்டிவிட்டு அதிகாரி சற்றுக் குனிந்தார்.
கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி,
உதவுகிறவர் போலத்தான் சொன்னார்:
"அம்மா, பிறப்பைப் பதியும்போதே
தகப்பன் யாரென்று தெரியாது என எழுதியிருந்தால்
பையன் இன்று லெபனான்காரன்.
சட்டத்தில் அப்படி ஒரு வாசல் உண்டு."

அப்பன் பேர் தெரியாதவனே
என்று எங்கள் சந்தில் எவனாவது கூப்பிட்டால்
பல் எண்ணிக்கை குறையும்.
அந்த வசவைத்தான்
அரசாங்கம் சலுகையாக எடுத்து வைத்திருக்கிறது,
கேட்காமல் போனது என் தப்பு.

கல்யாணத்தன்று மூன்று இடத்தில் கையெழுத்திட்டேன்.
எந்தக் கையெழுத்தில் இது பறிபோனது
என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.
ஹைசம் முன்னால் இறங்கினான்,
கைப்பேசி வெளிச்சத்தை என் காலடியில் பிடித்தபடி.
அவன் காதுகள் அந்த அரையிருட்டிலும் தெரிந்தன.

கீழே ஷாபான் நின்றிருந்தான்,
பெட்ரோல் பங்க் சட்டையோடு,
அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று.
"ஆச்சா?"
"ஆச்சு. மூன்று வருஷம்."
"இவ்வளவு நேரமா? என்ன கேட்டார்?"

நான் வாய் திறப்பதற்குள் பையன் சொன்னான்:
"உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார், அப்பா."
"சொன்னாயா?"
"சொன்னேன்."
"முழுப் பெயருமா? தாத்தா பெயரோடு?"
"தாத்தா பெயரோடு."