அறுபத்து நான்கு

ஒரு வரிதான் எழுதியிருந்தேன்:
உன்னிடம் எத்தனை புராசசர், சொல்.
அறுபத்து நான்கு என்றது சேர்வர், யோசிக்காமல்.

பீல் நகரம், மூன்றாம் மாடி, சனவரி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்க வேண்டும்;
பனிப்புகாரில் அதையும் நம்பிக்கையில்தான் எண்ணுகிறோம்.
கைக்கடிகாரப் பற்சில்லு ஒன்று
எத்தனை கோடிச் சுற்றில் தேயும் என்பது கணக்கு.
அறுபத்து நான்காகக் கூறுபோட்டு ஓடவிட்டேன்.
விடிய முடிந்துவிடும் என்று ரேட்டோவுக்கு
எழுதியும் அனுப்பினேன், கை சும்மா இருக்காமல்.

விடிந்தது. நூற்றுக்குப் பதினொன்று.
உள்ளே எட்டிப் பார்த்தால்
அறுபத்து நான்கு வேலைகளும் ஒரே வாசலில் நெரிபட்டு,
ஒன்றை இறக்கி மற்றது ஏறி,
ஏறியது மூச்சுவிடுமுன் இறங்கி,
ஏறி இறங்கும் களைப்பே வேலையாய்.

பொய் சொல்கிறதா இது?
ரேட்டோ கோப்பியை ஊதினான்.
இல்லை. எத்தனை இருக்கிறது என்று கேட்டாய்.
இருக்கிறது.
உனக்கு ஒதுக்கியது நான்கு.

ஏட்டுச் சுரைக்காய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
அவனுக்கு அதை எந்த மொழியில் சொல்ல?

பிறகுதான் எங்கள் கட்டடத்து நிலவறை நினைவுக்கு வந்தது.
உடுப்புத் தோய்க்கிற மெசின் இரண்டு. வீடு பதினான்கு.
கதவில் பெயர்ப் பட்டியல்.
ஒன்றுவிட்ட செவ்வாய், பகல் ஒன்று முதல் ஆறு வரை,
கட்டத்துக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டு
‘சிவபாத’ என்று நிற்பது நான்.
சுந்தரம் வெளியே.
மற்ற நாட்களில் இரண்டும்
வாயைத் திறந்தபடி சும்மாதான் கிடக்கும்.
ஒரு வியாழன் ஆசைப்பட்டுப் போட்டேன்.
திரும்பி வந்தபோது என் ஈரச் சேட்டுகள் கூடைக்குள்;
மேலே வூத்ரிக் அம்மாவின் கையெழுத்தில்
ஒரேயொரு சொல்: செவ்வாய்.
ஆச்சரியக்குறிகூட இல்லை.

கேள்வியை மாற்றினேன்.
எத்தனை இருக்கிறது என்றல்ல,
எனக்கு எத்தனை.
நான்கு என்றது, அதே யோசிக்காத குரலில்.
அந்த நான்கும்
இரண்டு ஆட்கள் இரட்டைப் பெயரில் ஒப்பமிடுவது என்று
அடுத்த நாள் தெரிந்தது.
அதைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை.

நான்கு வேலை. முண்டாமல், தள்ளாமல்.
திங்கள் இரவு பற்சில்லு தேய்ந்து முடிந்தது.

இடையில் ஒருமுறை, தூக்கம் வராமல்,
மற்ற அறுபதும் என்ன செய்கின்றன என்று பார்த்தேன்.
ஐம்பத்து மூன்று சும்மா இருந்தன.
தொடவில்லை.

நாளைக்குச் செவ்வாய்.
சவர்க்காரத் தூள் வாங்க வேண்டும்.