கறார் விலை

என் ஏழு வயதுக் கையெழுத்தில்தான்
கோட்புஸ் நகரம் முதன்முதலில் விலை படித்தது.
நாடா, முழம் எட்டு ஃபெனிக்.
கம்பளிக் கையுறை, ஒரு மார்க் இருபது.
நகக்கண் வரை ஊதா மை.

அதுவரை விலை வாயில் இருந்தது.
அப்பா பையனாக மூட்டை சுமந்த நாட்களில்
வார்த்தா ஆற்றங்கரை வாசல்களில்
பாதிக்குக் கேட்பார்கள், முக்காலில் முடியும்,
கொசுறு நாலு பொத்தான்.
போணியானால் போதுமென்று
வீட்டு நாய்க்கும் தொப்பியை எடுத்து வணங்குவாராம்.
பாதிரியாருக்கு ஒரு விலை, பால்காரிக்கு ஒரு விலை.
"அந்த வெட்கத்தைத்தான் முதலில் விற்றுத் தீர்த்தேன்" என்பார்.

பிர்கன்ரூட் கடையில் பேரம் இல்லை, கடன் இல்லை.
வாங்காமலே சுற்றிப் பார்க்கலாம்.
அதைத்தான் ஊர் நம்பவில்லை.
நெசவாலைப் பெண்கள் ஈரக் காலணியோடு வாசலில் நின்று
உள்ளே வர எவ்வளவு என்று கேட்டார்கள்.

ஒருமுறை ஏழின் இடுப்பில் கோடு போட மறந்தேன்.
ஏழு மார்க் சால்வையை
ஸ்ப்ரேவால்ட் வெள்ளரிக்காரி
ஒரு மார்க்குக்குக் கேட்டாள்.
கல்லாவில் அம்மா பாய்ந்து எழுந்தாள்.
அப்பா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்:
"ஹுல்டா, அட்டையில் இருப்பதுதான் விலை."
இரவு என்னைத் திட்டவில்லை.
நூறு ஏழு எழுத வைத்தார், நூறுக்கும் கோடு.

பிறகு நான்கு மாடி, கண்ணாடிக் கூரை.
லிஃப்டுக்குப் பயந்த தபால்காரர் மனைவி
தினமும் வந்து அது ஏறுவதை மட்டும் பார்த்துப் போனாள்.
சனிக்கிழமை ஆலையில் கூலி நாள், கடை திறந்திருந்தது.
அன்றிலிருந்து அம்மா
வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றினால்
மறுநாள் வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை
அப்பாவோடு பேசமாட்டாள்.
எதிர்வரிசைத் தொப்பிக்கடைக்காரர் எங்களை
ஊரைத் தின்னும் வாய் என்றார்.
மகளின் கல்யாணத் துணியை
எங்கள் இரண்டாம் மாடியில்தான் எடுத்தார்,
பின்வாசல் வழியாக.

பழுப்புச் சட்டைக்காரர்கள் வாசலை மறித்ததும்
ஒரு சனிக்கிழமை.
முப்பது வருடத்தில் முதல்முறையாக
அம்மா அன்று பேசினாள்.
என்ன பேசினாள் என்பதை நான் எழுதமாட்டேன்.

ஐந்து வருடம் கழித்துக் காகிதத்தோடு வந்தவர்
கையுறைப் பிரிவில் எங்களிடம் தொழில் பழகிய க்ரோல்.
உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார்.
அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்:
"முதல் எண் ஏழா, ஒன்றா?"
"ஒன்று."
"கோடு விட்டுப்போகவில்லையே?"
"இல்லை, ஹெர் பிர்கன்ரூட்."
அட்டையில் இருப்பது, என்று தொடங்கினார்,
முடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
பனி உருகும் முன் போய்ச் சேர்ந்தார்.

முகப்பின் பத்துப் பித்தளை எழுத்துகளைக் கழற்ற
ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.
கல்லில் வெளுப்பாகப் பெயர் தங்கிவிட்டது.
பூச்சுக்கு மேலும் மழை நாளில் தெரிகிறதென்று
ஒரு கடிதம் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லாமல்.

கீட்டோவில் இப்போது மேசையளவு கடை.
ஊசி, நாடா, பொத்தான்.
அட்டை எழுதி வைக்கிறேன்,
இங்கே அதை யாரும் மதிப்பதில்லை.
போன வாரம் மலையிலிருந்து வந்த ஒருத்தி
ஏழு சுக்ரே நாடாவை ஐந்துக்குக் கேட்டாள்.
அட்டையைத் தொட்டுக் காட்டினேன், கோட்டோடு.
அவள் என் முகத்தையே பார்த்தாள்.
ஆறு, என்றது என் வாய்.
பொத்தான் டப்பாவைத் திறந்து
எண்ணிக்கொண்டிருந்தேன், நாலு.